முழுப் படுக்கை ஓய்வு, 6 வாரம்: முதுகெலும்புக் காசநோய் வந்த ஒரு தோட்டத்து வீடு

நோயாளி 36 வயதுப் பெண். ஈரோடு மாவட்டத்தில் சென்னிமலையைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒன்றில் தோட்டத்து வீடு. கணவர் விசைத்தறியில் இரவு ஷிஃப்ட். வீட்டில் மாமியாரும் பத்து வயது மகளும். இரண்டு கறவை மாடு, கொஞ்சம் மஞ்சள். நான் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட். நோயாளியின் சம்மதத்தோடு, ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி எழுதுகிறேன். வீட்டில் அக்கா என்று கூப்பிட்டேன், இங்கேயும் அக்கா என்றே இருக்கட்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்துகள் ஒரு பக்கம் முழுக்க இருந்தன. எந்த மாத்திரை, எத்தனை, எந்த வேளை, எல்லாம் தெளிவு. அதற்குக் கீழே ஒரே ஒரு வரி: முழுப் படுக்கை ஓய்வு, 6 வாரம். யார் திருப்பிவிடுவது, மலஜலத்துக்கு என்ன செய்வது, ராத்திரி யார் பக்கத்தில் இருப்பது, ஆறு வாரம் முடிந்தால் எப்படி எழுவது, எதுவும் அதில் இல்லை. மருந்துக்கு அளவு எழுதுகிற அதே கவனத்தோடு ஓய்வுக்கும் அளவு எழுத வேண்டும் என்பது என் கருத்து. இந்த ஆய்வு அந்த ஒற்றை வரியைப் பற்றியது.

நோய் தெரிந்த விதம்

ஆவணி வாக்கில் வலி ஆரம்பித்திருக்கிறது. கடைசி விலா எலும்பு முடிகிற மட்டத்தில், முதுகின் நடுவே. குத்தவைத்துப் பால் கறப்பவர், மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துச் சுமப்பவர். அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவினார்கள். வலி ஊசி போட்டால் இரண்டு நாள் தாங்கும், அப்புறம் பழையபடி.

மற்ற முதுகுவலியிலிருந்து இதைப் பிரித்துக் காட்டும் அறிகுறிகள் எல்லாமே அவரிடம் இருந்தன. படுத்தாலும் வலி குறையவில்லை, ராத்திரியில்தான் கூடியது. சாயங்காலமானால் உடம்பு காய்ந்தது. 52 கிலோ இருந்தவர் 44 கிலோவுக்கு வந்துவிட்டார். ஜாக்கெட் தோளில் நிற்கவில்லை என்பதை முதலில் கவனித்தது மகள். முதுகெலும்பில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் விரலால் தட்டினால் துடித்துப்போவார். நாலு மாதம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போக வைத்தது வலி இல்லை, செருப்பு. மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டுத் திரும்பியவருக்கு இடது கால் செருப்பு கட்டுத்தரையிலேயே கழன்று கிடந்தது தெரியவே இல்லை. வாசலுக்கு வந்து குனிந்து பார்த்தபோதுதான் வெறுங்கால் என்று தெரிந்தது. முதுகுவலியோடு வருகிறவர்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி இது: செருப்பு கழன்றால் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் தண்டுவடம் நசுங்கத் தொடங்கியிருக்கலாம். ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

எம்ஆர்ஐ படத்தில் டி11, டி12 என்ற இரண்டு முள்ளெலும்புகளின் முன்பகுதி அரிக்கப்பட்டிருந்தது. நடுவிலிருந்த வட்டு கரைந்துபோயிருந்தது. சீழ்க்கட்டி ஒன்று பின்பக்கம் தண்டுவடத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. காசநோய்க் கிருமி பெரும்பாலும் நுரையீரல் வழியாக உடம்புக்குள் வந்து, ரத்தத்தில் கலந்து எலும்புக்குப் போகிறது. எலும்பில் வரும் காசநோயில் ஏறக்குறைய பாதி முதுகெலும்பில்தான் வருகிறது. முள்ளெலும்பின் முன்பக்கம் மெத்தென்று ஆனதும், மேலே இருக்கும் பாரம் அழுத்தி, எலும்பு முன்னால் மடிகிறது. பின்பக்கம் கூன் தள்ளுகிறது. 1779இல் பெர்சிவல் பாட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் இந்தக் கூனையும் கால் விழுவதையும் (செயலிழப்பதையும்) சேர்த்து எழுதியதால், இன்றைக்கும் டாக்டர்கள் பாட்ஸ் ஸ்பைன் என்கிறார்கள்.

சிடி ஸ்கேன் பார்த்து ஊசியால் சதை எடுத்து கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். காசநோய்க் கிருமி உறுதியானது, முக்கியக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு இல்லை. எடைக்கு ஏற்பத் தினம் மூன்று கூட்டு மாத்திரை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த பத்து மாதம் மூன்று மருந்து, ஆக 12 மாதம். நுரையீரல் காசநோய்க்கு ஆறு மாதம் போதும், எலும்புக்குப் போதாது.

அறுவை சிகிச்சை உடனே வேண்டாம் என்று முடிவானது. கால் பலம் குறைந்திருந்தாலும் நடக்க முடிந்தது, சிறுநீர் கட்டுப்பாட்டில் இருந்தது. இப்படிப்பட்டவர்களுக்கு முதலில் மருந்தும் ஓய்வும், கால் பலவீனம் கூடினாலோ சில வாரத்தில் தேறாவிட்டாலோ அறுவை. பனாரஸைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். எம். துலி 1975இல் எழுதிய இந்த நடுவழி முறைதான் நம் நாட்டில் பரவலாகப் பின்பற்றப்படுகிறது.

ஓய்வு எதற்கு

மாமியாருக்குக் காசம் என்ற சொல் கேட்டதும் நினைவுக்கு வந்தது பெருந்துறை சானடோரியம். "எங்க பெரியப்பனை அங்கதானுங் கொண்டுபோய்ப் போட்டாங்க. திரும்பியே வரலீங்" என்றார். இப்போது அதே வளாகத்தில் அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. ஆனால் பஸ்ஸில் சானடோரியம் என்று சொல்லி டிக்கெட் எடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காசநோய் என்றால் ஊரைவிட்டுத் தள்ளி மாதக்கணக்கில் படுத்துக் கிடப்பது என்ற எண்ணம் இந்தப் பக்கத்தில் பெரியவர்கள் மனதில் ஆழமாக இருக்கிறது.

அந்த எண்ணத்தை உடைத்த ஆய்வு நம் சென்னையில்தான் நடந்தது. 1956இல் அங்கே தொடங்கிய காசநோய் சிகிச்சை ஆய்வு மையம், ஒரே மருந்தை ஒரு பிரிவினருக்கு சானடோரியத்திலும் இன்னொரு பிரிவினருக்கு வீட்டிலும் கொடுத்துப் பார்த்தது. சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, நர்சு கவனிப்பு. வீட்டில் ஏழ்மை, நெருக்கடி. 1959இல் வெளியான முடிவில் இரு பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தன. குணப்படுத்தியது மருந்து. பிறகு தென்கொரியாவின் மாசான் நகரில் முதுகெலும்புக் காசநோயாளிகளில் சிலரை ஆறு மாதம் படுக்கவைத்தும், சிலரை முதல் நாளிலிருந்தே நடமாடவிட்டும் பார்த்தார்கள். புசானில் மாவுக்கட்டு ஜாக்கெட் போட்டும் போடாமலும் பார்த்தார்கள். 1970களில் வந்த முடிவுகளில் அங்கேயும் வித்தியாசம் இல்லை.

அப்படியானால் அக்கா ஏன் படுக்க வேண்டும்? கால் விழுந்து நடக்க முடியாமல் போனவர்களை அந்தக் கொரிய ஆய்வுகளில் சேர்க்கவில்லை. அக்கா அந்த நிலையை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தார். எலும்பு சரிந்திருந்தது, சீழ் தண்டுவடத்தைத் தொட்டிருந்தது, கால் பலம் வாரத்துக்கு வாரம் குறைந்தது. மருந்து அந்தச் சீழை வற்றவைக்கும் வரை எலும்பின் மேல் பாரம் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்த ஓய்வின் வேலை. ஆகவே ஓய்வு முதுகெலும்புக்கு மட்டும். உட்காரக் கூடாது, குனியக் கூடாது, இடுப்பை முறுக்கக் கூடாது. மற்றபடி கணுக்கால், தொடை, கை, நுரையீரல் எல்லாம் தினமும் வேலை செய்தாக வேண்டும். இதை அந்த வீட்டாரிடம் யாரும் சொல்லவில்லை. நான் முதல் தடவை போனபோது அக்கா கை விரலைக்கூட அசைக்கப் பயந்து படுத்திருந்தார். அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் உறையும், சதை கரையும், எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து போகும்.

வீட்டில்

படுத்திருந்தது கயிற்றுக்கட்டிலில். நடுவில் தொங்கும் கட்டில், சரிந்த முதுகுக்கு ஆகவே ஆகாது. பலகைக் கட்டிலுக்கு மாற்றி, மேலே தொய்யாத மெத்தை போட்டோம். காற்று மெத்தை வாங்கலாமா என்று கணவர் கேட்டார். முதுகு ஆடாமல் இருக்க வேண்டும், வேண்டாம் என்றார் டாக்டர். அப்படியென்றால் படுக்கைப் புண் வராமல் காப்பது ஆள் கையில்தான்: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும்.

திருப்புவதைக் கற்றுக்கொடுத்த மதியம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தோளும் இடுப்பும் ஒரே நேரத்தில், ஒரே அளவு உருள வேண்டும், மரக்கட்டையை உருட்டுகிற மாதிரி. தோள் முதலில் போய் இடுப்பு பின்னால் போனால் நடுவில் முறுக்கு விழும், அந்த இடம்தான் நோவுள்ள இடம். சரியாகச் செய்ய மூன்று பேர் வேண்டும். பகலில் வீட்டில் மாமியார் மட்டும், கூப்பிட்டால் பக்கத்துத் தோட்டத்து அம்மா. "ஏனுங் கண்ணு, நாங்க ரெண்டு பேரும் கெழவிங்க. கை நழுவிப்போச்சுன்னா?" என்று கேட்டுவிட்டு, மாமியார் உள்ளே போய் ஒரு சென்னிமலை பெட்ஷீட்டை எடுத்து வந்தார். கைத்தறி, கெட்டி நூல், பல வருஷம் துவைத்தும் கிழியாதது. அவர் பிறந்த வீடு தறி வீடு. அதை நாலாக மடித்து அக்காவின் தோளிலிருந்து தொடை வரை அடியில் விரித்தோம். ஒருவர் தோளையும் இடுப்பையும் பிடித்துக்கொள்ள, எதிர்ப்பக்கம் நிற்பவர் துணியின் ஓரத்தைக் கொத்தாகச் சுருட்டிப் பிடித்து இழுத்தார். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணியது அக்காவே. தன் உடம்பு எப்போது நகரப்போகிறது என்று தெரிந்தால் நோயாளி விறைத்துக்கொள்ள மாட்டார். அடுத்த தடவை நான் கை வைக்கவே இல்லை, அவர்களே திருப்பினார்கள். முதுகின் அடி, இடுப்பு எலும்பு, குதிகால், தோள்பட்டை, ஒவ்வொரு தடவையும் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தேன். ஆறு வாரத்தில் ஒரு புண்கூட வரவில்லை.

ராத்திரிதான் சிக்கல். கணவர் இரவு ஷிஃப்ட் போனால் திருப்ப ஆளில்லை. மேஸ்திரியிடம் பேசிப் பகலுக்கு மாறினார், கூலி குறைந்தது. போனில் அலாரம் வைத்து இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் எழுந்து அவரும் அவருடைய அம்மாவும் திருப்பினார்கள். பால் கறப்பதும் கணவர் தலையில் விழுந்தது. ஒரு மாடு அவர் கைக்கு மடியே கொடுக்கவில்லை, சீக்கிரம் விற்றுவிட்டார்கள். சொசைட்டிக்குப் போகும் பால் குறைந்தது, குழுக் கடன் தவணை நிற்கவில்லை. மஞ்சள் வெட்டும் அந்த நாட்களிலேயே வந்தது. காசநோயாளிக்கு அரசு தரும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்தது. முட்டைக்கும் பயறுக்கும் உதவியது, ஓய்வுக்கான விலையை அது ஈடுகட்டாது. அக்காவின் ஆறு வாரப் படுக்கை அந்த வீட்டில் மூன்று பேருடைய தூக்கமும் ஒரு மாடும்.

சாப்பாட்டில் ஒரு தடை இருந்தது. படுத்த படுக்கைக்காரிக்குப் பத்தியம்தான் என்று மாமியார் ரசம் சாதமே கொடுத்துவந்தார். எட்டு கிலோ இளைத்த உடம்பு அது. முட்டை, பச்சைப்பயிறு கடைசல், கொள்ளுப் பருப்பு எல்லாம் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும் என்று சொன்னதும் அவருக்கே நிம்மதி. மல்லாந்து படுத்தபடி விழுங்கினால் புரையேறும், பக்கவாட்டில் திருப்பிவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டச் சொன்னேன்.

மகளை அம்மா பக்கத்தில் விடாமல் வைத்திருந்தார்கள். தட்டும் டம்ளரும் தனி. அக்காவின் நெஞ்சு எக்ஸ்ரே சுத்தம், சளியில் கிருமி இல்லை. எலும்புக்குள் இருக்கும் காசநோய் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டாது. இதை டாக்டரையே போனில் சொல்ல வைத்தேன். அன்றிலிருந்து காலை நேரக் கால் பரிசோதனை மகளுடைய பொறுப்பு. அம்மாவின் இரண்டு கால் கட்டைவிரலையும் தன் உள்ளங்கைக்கு எதிராகத் தள்ளச் சொல்வாள். அம்மா கண்ணை மூடிக்கொள்ள, எந்த விரலைத் தொடுகிறேன் என்று கேட்பாள். பள்ளிக்கூட நோட்டில் கோடு போட்டு, தேதி, வலது, இடது, மூத்திரம் போச்சா என்று நாலு கட்டம். தள்ளுகிற பலம் குறைந்தாலோ, சிறுநீர் வராமல் போனாலோ, யாரையும் கேட்காமல் 108க்குக் கூப்பிட வேண்டும் என்பதும் அதே நோட்டில் எழுதி இருந்தது.

இரண்டாவது வாரம் சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போகிறது என்று போன் வந்தது. ரிஃபாம்பிசின் எடுத்தால் ஆரஞ்சு நிறம் இயல்பு. ஆனால் இது அதைவிடக் கருத்திருந்தது. கண்ணில் மஞ்சள் இல்லை, வாந்தி இல்லை. ஈரல் பரிசோதனையும் சரியாக இருந்தது. காரணம் அக்கா தண்ணீரே குடிக்காதது. நாளைக்கு இரண்டு டம்ளர். ஏன் என்று தனியாக இருக்கும்போது கேட்டேன். "ஒவ்வொரு தடவையும் அத்தையக் கூப்புடோணுமுங். அவங்களுக்கு நான் செய்யோணும். அவங்க எனக்குப் பெட்பேன் எடுக்கறது பாவமுங்."

படுக்கை நோயாளிகளைப் பார்க்கும் எல்லாரும் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். தாகத்தை அடக்குவது, மலத்தை அடக்குவது, அதனால் மலச்சிக்கல், முக்கும்போது முதுகுவலி, சிறுநீரில் கிருமி. எல்லாவற்றுக்கும் வேர் கூப்பிடக் கூச்சம். தண்ணீர் குடியுங்கள் என்று பத்துத் தடவை சொன்னாலும் அது தீராது. கூப்பிட வேண்டிய தேவையையே எடுத்துவிட்டோம். எப்படியும் இரண்டு மணிக்கொரு தடவை திருப்புகிறார்கள். ஒவ்வொரு திருப்பலிலும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், பக்கவாட்டில் இருக்கும்போதே ஒரு ஓரம் தட்டையான பெட்பேனை அடியில் வைத்துத் திருப்பிப் படுக்கவைப்பது, பிறகு ஒரு டம்ளர் தண்ணீர். மாமியார் அதை அடுப்பு வேலை மாதிரி தன் வேலைகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டார். நாலைந்து நாளில் நிறம் தெளிந்தது.

ஒறம்பரை

தைப்பூசத் தேருக்குச் சென்னிமலையே நிறைந்துவிடும். சுற்றுப்பட்ட எல்லா வீட்டிலும் ஒறம்பரை, அதாவது விருந்தாளி உறவுகள். காங்கயம் பக்கத்திலிருந்து அக்காவின் தாய்மாமன் தேர் பார்த்துவிட்டு, பழப் பையோடு வீட்டுக்குள் நுழைந்தார். மாமியார் கட்டுத்தரையில் இருந்தார். மாமன் தலை தெரிந்ததும் அக்கா கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து, முந்தானையை இழுத்துவிட்டு, "வாங்க மாமா" என்றுவிட்டார். யோசித்துச் செய்ததில்லை. அரை நிமிஷம் இருக்கும். அன்றைக்கு ராத்திரி இரண்டு காலும் தானாக வெட்டி வெட்டி இழுத்தது. காலையில் மகளுடைய நோட்டில் இடது கட்டத்தில் "கம்மி" என்று இருந்தது.

அந்த ஒரு சொல்லால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மறுபடி படம் எடுத்தார்கள். எலும்பு கூடுதலாகச் சரியவில்லை, இரண்டு நாள் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். கால் பலமும் ஒரு வாரத்தில் பழையபடி வந்தது.

பெரியவர்கள் வந்தால் படுத்துக்கொண்டே இருப்பது இங்கே பிறந்து வளர்ந்த பெண்ணால் ஆகிற காரியமில்லை. மனசு வேண்டாம் என்றாலும் உடம்பு எழுந்துவிடும். இதில் அக்காவைக் கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. மாற்ற வேண்டியது வருகிறவர்களை. அதற்கப்புறம் வாசலிலேயே மாமியார் நிறுத்திச் சொல்லிவிடுவார்: "அவ எந்திரிக்க மாட்டாளுங். தப்பா நெனச்சுக்காதீங்க. கிட்டப் போய் உக்காந்து பேசுங்க." அக்கா முகத்துக்கு நேரே, கழுத்தைத் திருப்பாமல் பார்க்கிற இடத்தில் ஒரு நாற்காலி போட்டோம். அக்காவின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய போர்வை, முந்தானையைத் தேட வேண்டியதில்லை. என்ன நோய் என்று கேட்டவர்களுக்குத் தண்டுவட எலும்புத் தேய்மானம் என்றுதான் சொன்னார்கள். மகளுக்கு நாளைக்கு வரன் வர வேண்டுமே என்ற பயம். நான் அதை மறுத்துப் பேசவில்லை. மருந்து ஒரு வேளையும் தவறவில்லை, அது போதும்.

எழுப்புவது

ஆறு வாரம் முடிந்ததும் யாரும் எழுப்பத் தயாராக இல்லை. "இன்னொரு மாசம் கெடக்கட்டுமுங், எலும்பு நல்லாக் கூடட்டும்" என்றார் மாமியார். அக்காவுக்கும் பயம். வலி குறைந்திருந்தது, கால் பலம் கூடியிருந்தது, உட்காரவைக்கலாம் என்று டாக்டர் சொல்லியாயிற்று. அதற்குமேல் படுப்பது நஷ்டம். தொடை இரண்டும் இளைத்து முழங்கால் மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. ஓய்வுக்கு ஆரம்ப தேதி எழுதுகிறவர்கள் முடிவு தேதியையும், முடிக்கிற விதத்தையும் எழுதாவிட்டால், நல்ல குடும்பம்தான் நோயாளியை அதிக நாள் படுக்கவைக்கும்.

டெய்லர் பிரேஸ் என்ற முதுகுக் கச்சையைப் படுத்த நிலையிலேயே திருப்பிப் போட்டு இறுக்கினோம். திருப்பூரில் வேலை செய்யும் தம்பி கொண்டுவந்த பருத்தி பனியன் உள்ளே, வியர்வைக்கு. தலைப்பக்கத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தி, கிறுகிறுப்பு இல்லை என்று பார்த்து, அப்புறம் காலைத் தொங்கவிட்டு. நிற்க வாக்கர். முதல் தடவை நின்றபோது ரத்த அழுத்தம் இறங்கி முகம் வெளுத்தது, படுக்கவைத்துவிட்டோம். சில நாளில் வாசல் வரை நடந்தார். குத்தவைத்து உட்காரும் கக்கூசு அந்த வீட்டில், அதற்கு நடுவில் ஓட்டை உள்ள நாற்காலி. சித்திரை வெயிலில் கச்சையோடு இருந்தது படுக்கையைவிடக் கஷ்டம் என்று சொன்னார்.

12 மாதம் மருந்து முடிந்தபோது எடுத்த படத்தில் சீழ் இல்லை, இரண்டு எலும்பும் ஒன்றாகக் கூடியிருந்தன. எடை 53 கிலோ. முதுகில் கை வைத்தால் தெரிகிற சின்ன மேடு நிரந்தரம். இடது கால் விரல்களுக்கு நடுவே இன்னும் கொஞ்சம் மதமதப்பு. இப்போது மீதி மாடு கன்று ஈன்றிருக்கிறது, கணவர் அடித்துக் கொடுத்த உயரமான முக்காலியில் உட்கார்ந்து அக்கா பால் கறக்கிறார். தட்டுச் சுமை இல்லை, பால் கேனைத் தூக்குவதும் இல்லை.

மருந்து முடிந்த பிறகு 6, 12, 18, 24ஆவது மாதங்களில் காசநோய்ப் பிரிவில் காட்ட வேண்டும். முதல் தடவை போய்வந்தாயிற்று. அடுத்த தேதிக்கு முன்னால் சாயங்காலக் காய்ச்சலோ, ராத்திரி முதுகுவலியோ, செருப்பு கழன்றது தெரியாமல் போவதோ நடந்தால் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது என்று மகளுடைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.